வாசற்படியைக் கடக்க ஒரு சாய்தளம்

பக்கவாதத்திற்கோ தண்டுவடக் காயத்திற்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரின் குடும்பத்தாரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படிகள்?" என்பதாகும். "இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிடுவோம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. சில வாரங்கள் தூக்குவர். பின்னர் தூக்குபவருக்கு முதுகுவலி வரும். பிறருக்கு ஏன் சிரமம் என்று நோயாளி வெளியே வருவதையே நிறுத்திக்கொள்வார். மறுபரிசோதனை நாளும் தவறிப்போகும். மடித்து எடுத்துவைக்கக்கூடிய அலுமினியச் சாய்தளம் இந்நிலையை மாற்றவல்லது, சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

கடைக்குச் செல்லுமுன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். படிகளின்மீது சரிவாக அளத்தல் கூடாது. தரையிலிருந்து மேற்படியின் மட்டம் வரை செங்குத்தாக அளக்க வேண்டும். நிலைப்படி உயர்ந்திருப்பின் அதனைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல உயரத்திற்கு ஓரடி நீளம் என்பது பாதுகாப்பான கணக்கு. 7 அங்குலப் படி ஒன்றிற்கு 7 அடி வேண்டும். வலுவுள்ள ஒருவர் பின்னின்று தள்ளுவதாயின் இதனிற் பாதி நீளம் போதும் என்று விற்பனையாளர் கூறக்கூடும். வயது முதிர்ந்த மனைவியோ கணவரோ தனியே தள்ளும் வீட்டிற்கு அதனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூன்று படிகள் எனில் 21 அடி ஆகிறது. அங்கே இக்கருவி பொருந்தாது, சிமெண்டால் நிலையான சாய்தளம் கட்டுவதே முறை.

இரு தனித்தனித் தண்டவாளங்கள் போன்ற வகை விலை குறைந்தது, இலேசானது. ஆனால் தள்ளுபவர் அவற்றின் நடுவே படியேறிக்கொண்டே தள்ள நேரிடும். ஒரே பலகையாக விரியும் வகையே வீட்டிற்கு ஏற்றது. அது தாங்கும் எடையைக் கணக்கிடுகையில் தள்ளுபவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நோயாளி 70 கிலோ, நாற்காலி 18 கிலோ, தள்ளுபவர் 60 கிலோ எனில் 148 கிலோ. வெளிப்புறம் திறக்கும் கிரில் கதவு சாய்தளத்தில் இடிக்குமா என்பதையும் பாருங்கள். வாங்கிய பின்பே பலர் இதனைக் கவனிக்கின்றனர்.

முதல் ஒத்திகையில் நோயாளி வேண்டாம். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை நாற்காலியில் கட்டி ஏற்றி இறக்கிப் பழகுங்கள். மேல்விளிம்பு படியின்மீது முழுமையாகப் படிந்திருக்க வேண்டும்; நழுவாதிருக்கப் பட்டையாலோ ஊசியாலோ பிணைக்க வேண்டும். ஏறும்போது நோயாளியின் முகம் வீட்டை நோக்கியிருக்கும். இறங்கும்போதும் அவ்வாறே இருத்தல் வேண்டும்: தள்ளுபவர் கீழ்ப்புறம் நின்று, பின்னோக்கி அடியெடுத்து வைத்து, நாற்காலியைத் தம் உடலால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். தெருவை நோக்கி முன்முகமாக இறக்கினால் நோயாளி முன்னே சரிந்து விழக்கூடும். இடுப்புப்பட்டை எப்போதும் இருக்கட்டும்.

காலையில் வாசல் தெளித்த ஈரம் உலருமுன் சாய்தளத்தை விரிக்காதீர்கள். ஈர அலுமினியமும் ஈரச் செருப்பும் ஒருசேர வழுக்கும்.

அடுத்த முறை வரும்போது படிகளின் அளவையும் வாசலின் புகைப்படத்தையும் கொண்டுவாருங்கள். வாங்குமுன் நீளத்தை உங்களுடன் அமர்ந்து கணக்கிட்டுத் தருகிறோம்.