குவார்ட்ஸ் மேடையில் பலாப்பாலும் மஞ்சளும்

திருவதிகை, பண்ருட்டிப் பக்கத்து அடுப்படியில் வெள்ளை குவார்ட்ஸ் மேடை போட்டவர்களுக்குப் பலாவும் முந்திரியும் கூடுதல் வேலை வைக்கும். கறையைவிட, அதைப் போக்கக் கையிலெடுக்கும் பொருள்தான் மேடையை அதிகம் கெடுக்கிறது.

1. குவார்ட்ஸ் மேடை அப்படியே மலையில் அறுத்தெடுத்த பலகை அல்ல. ஏறக்குறைய 90 சதவீதம் குவார்ட்ஸ் கல், மீதி பாலியெஸ்டர் பிசினும் நிறமும் சேர்த்து ஆலையில் இறுக்கி வார்த்தது. கிரானைட்டைப்போல எண்ணெயை உறிஞ்சாது. சீலர் பூச வேண்டியதில்லை. கல் உறுதியானது, பிசின்தான் நோஞ்சான்.

2. பலாப்பழம் அரியும்போது செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். மீறிப் பால் ஒட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். அந்தப் பிசுக்கு தண்ணீருக்கு மசியாது. தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பால் இளகி உருண்டு வரும். பழைய ஏடிஎம் அட்டையால் வழித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரால் எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள்.

3. முந்திரிக்கொட்டையை மேடையில் வைத்து உடைக்கவே வேண்டாம். தோட்டின் எண்ணெய் கையைப் பொத்துவிடும். வெளிர் நிற மேடையில் பழுப்பாகப் படியும். தெறித்த உடனே, கையுறை போட்டுக்கொண்டு, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒற்றி எடுங்கள். பிறகு சோப்பு.

4. மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஈரத்துணியால் இழுத்தால் இன்னும் பரவும். சோப்பு நீரில் துடைத்தபின் நிறம் தங்கினால், சானிடைசரைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். ஆப்பசோடா தூவினால் கறை திடீரெனச் சிவக்கலாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் நடப்பதுதான் அது, பயப்படாமல் கழுவுங்கள். பிடிவாதக் கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துப் பத்து நிமிடம் வைக்கலாம். அடர் நிற மேடையானால் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

5. குழாயடியில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படியும். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலம்பி, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஊறவிட வேண்டாம்.

6. டீ, காபி, புளிக்கறைக்கு ஆப்பசோடாவைக் குழைத்து மெத்தென்ற துணியால் தேய்த்தால் போதும். கம்பி நார் பட்டால் பளபளப்பு மங்கும். அதை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது.

7. கழிவறை ஆசிட், சாக்கடை அடைப்பு நீக்கும் தூள் இரண்டும் மேடைப்பக்கமே வரக்கூடாது. பிளீச்சிங் பவுடரை வினிகரோடோ ஆசிட்டோடோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து.

8. தாளித்த இருப்புச்சட்டியை நேராக மேடையில் இறக்கினால் பிசின் கருகி மஞ்சளாகும். அது கறையே அல்ல, தேய்த்தாலும் போகாது. அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பிரிமணை கிடக்கட்டும்.