தர்மத்திலும் கூட்டாளியாக இருப்போம்



ரமலான் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் நம் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. புது நோட்டுகளை மாற்றி வந்து கல்லாப்பெட்டியின் ஓரத்தில் வைத்துக்கொள்கிறோம். வருகிறவர்களுக்குப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று கொடுக்கிறோம். நல்ல வழக்கம்தான், அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு ஒரு தாயார் வருஷந்தோறும் வருவார். ஒரு வருஷம் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். மனம் நிறைந்து வீடு திரும்பினோம். அடுத்த ரமலானில் அவர் மறுபடியும் வந்து நின்றார். இயந்திரத்தை விற்றுவிட்டாராம். துணி வாங்க முதல் இல்லை. ஒரு சட்டைக்கு எவ்வளவு கூலி கேட்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சென்ற ஆண்டு, அன்று இடுப்பில் இருந்த அந்தப் பெண் பிள்ளை, தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாம் கொடுத்ததும் நிற்கவில்லை, அவர்கள் கேட்பதும் நிற்கவில்லை.

அதே பணத்தை ஒரு கூட்டு வியாபாரத்தில் போட்டிருந்தால் நாம் இப்படி விட்டிருப்போமா? மாதம் ஒரு முறை போய்ப் பேரேட்டைப் புரட்டியிருப்போம். சரக்கு எங்கே மலிவு என்று சொல்லியிருப்போம். முதல் வருஷம் நட்டம் வந்தால் பொறுத்திருப்போம். லாபத்துக்குப் போட்ட பணத்துக்கு உள்ள கவனம், அல்லாஹ்வுக்காகக் கொடுத்த பணத்துக்கு இல்லாமற் போனது ஏன்?

முதல் போடுபவர் ஒருவர், உழைப்பவர் ஒருவர் என்பது நமக்குப் புதிதல்ல. முளாரபா என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். லாபத்தை முன்னமே பேசிய விகிதப்படி பங்கிடுவது. உழைப்பவரின் குற்றமில்லாமல் நட்டம் வந்தால், முதல் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வந்த வரலாற்றை அறியாதவர் நம்மில் இல்லை.

மேல்நாட்டில் இதற்கு நெருங்கிய ஒரு முறையைத் துணிகர முதலீடு என்கிறார்கள். 1946-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் டோரியோ என்ற பேராசிரியர் முன்னின்று இதற்கென ஒரு நிறுவனத்தை நடத்தினார். அடமானம் வைக்கச் சொத்தில்லாத, ஆனால் திறமையுள்ள புதியவர்களுக்கு அது முதல் கொடுத்தது. 1957-ல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அவர்கள் போட்டது 70,000 டாலர். பதினைந்து ஆண்டுக்குள் அதன் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டியது. இப்படிப் போடும் முதலில் பல மூழ்கிப் போவதுண்டு. வென்ற ஒன்றிரண்டு அந்த நட்டத்தை மூடிவிடும். முதல் போட்டவர் பணத்தோடு யோசனையும் கொடுத்து, பல ஆண்டுகள் கூடவே இருப்பார்.

தர்ம ஸ்தாபனங்களும் இதைக் கற்க வேண்டுமென்று 1997-ல் ஹார்வர்ட் பிஸினஸ் ரிவியூ பத்திரிகையில் மூவர் எழுதினார்கள். ஓராண்டு ஈராண்டு கொடுத்துவிட்டு ஒதுங்குவதும், வேலைத்திட்டத்துக்குக் கொடுத்துவிட்டு அதை நடத்தும் ஆளுக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்க மறுப்பதும் நன்கொடையாளர் செய்யும் பிழைகள் என்பது அவர்கள் வாதம்.

இதற்குச் சான்று மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கண்புரை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் வில்லை அந்நாளில் வெளிநாட்டுச் சரக்கு. ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. தானமாக வந்த வில்லைகள் ஏழைகள் எல்லாருக்கும் எட்டவில்லை. மேலும் மேலும் வில்லை வாங்கித் தருவதோடு உதவி செய்தவர்கள் நின்றுவிடவில்லை. தர்மப் பணமும் தொழில்நுட்பமும் தந்து கூட இருந்தார்கள். 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் எழுந்தது. வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பின்னர் இன்னும் குறைந்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அதன் சரக்குப் போகிறது. ஒரு முறை கொடுத்த தர்மம் இன்றும் பலன் தருகிறது.

இனி நாம் செய்யக்கூடியவை:

1. ஜகாத்தில் கை வைக்கலாகாது. அது எட்டு வகையினரின் உரிமை. அதைப் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பதே கடமை. இங்கே நாம் பேசுவது ஸதகாப் பணத்தை. வக்பாக வைக்க விரும்புவோர், சிங்கப்பூரில் முயிஸ் மன்றத்தின் வழியாகவும், மலேசியாவில் அந்தந்த மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் வழியாகவும் செய்ய வேண்டும்.

2. முதியோர், நோயாளிகள், அநாதைகள் ஆகியோருக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்போம். உழைக்கக் கூடியவருக்குக் கொடுக்கும்போதுதான் கூட்டாளியாக இருக்க வேண்டும்.

3. நூறு பேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பதில் ஒரு பங்கை எடுத்து வைத்து, நாலைந்து குடும்பங்களை மூன்று ஆண்டுகளுக்கு ஏற்போம். தவணை தவணையாகக் கொடுப்போம். குடும்பத்துக்கு ஒரு கடைக்காரர் பொறுப்பேற்று மாதம் ஒரு முறை விசாரிக்கட்டும்.

4. சில முயற்சிகள் தோற்கும். ஏமாற்றாமல் தோற்றவரை மறுபடியும் தாங்குவோம். தோல்வியையும் சங்கக் கணக்கில் மறைக்காமல் எழுதுவோம்.

5. நம் லாபம் எதுவென்று முன்பே பேசிக்கொள்வோம். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதைவிட, எத்தனை பேர் இனி கேட்க வேண்டிய நிலையில் இல்லை என்பதே நம் வரவு.

கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்ய நபிகள் நாயகம் (ஸல்) வழி காட்டினார்கள். அந்த நிலம் விற்கப்படலாகாது, வாரிசுக்கும் போகலாகாது. அதைப் பராமரிப்பவர் மட்டும் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம். முதல் நிலைக்க வேண்டும், பலன் ஓட வேண்டும், நடத்துபவருக்கும் வயிறு உண்டு என்ற மூன்றும் இந்த ஒரே செய்தியில் அடங்கியிருக்கின்றன.

அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்த பிள்ளையும் ஒருநாள் வளரும். அது கைநீட்டி நம் கடைக்கு வரப்போகிறதா, சரக்கு வாங்க வரப்போகிறதா என்பதில் நமக்கும் பங்குண்டு. அல்லாஹ் நம் நிய்யத்தைச் சீராக்கி, நம் வியாபாரத்திலும் தர்மத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.