மோட்டார் வண்டியின் வர்ணப் பூச்சைப் பேணுதல்

ஹைதராபாத் நகரில், 1968-ல் தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் அமைந்துள்ள பாலாநகர், பட்டறைகள் நிறைந்த தொழிற்பகுதியாகும். சாணையிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் புழுதியோடு கலந்து, வீதியோரம் நிற்கும் கார்களின்மீது படிவதுண்டு. அதனை உலர்ந்த துணியால் துடைப்பதே வர்ணத்துக்கு முதற்கேடு. ஒவ்வொரு துகளும் உளிபோற் கீறும்.

ஆகவே முதலில் தாராளமாக நீரூற்றிப் புழுதியை நீக்கிய பின்னரே, காருக்குரிய சோப்பு நீரால் மேலிருந்து கீழாகக் கழுவுதல் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீராதலின், வெயிலில் உலர்ந்தால் வெண்புள்ளிகள் தங்கிவிடும். நிழலில் கழுவி உடனே ஈரத்தை ஒற்றியெடுத்தல் நன்று.

மெருகிடுதலும் மெழுகிடுதலும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். மெருகுப் பசையிலுள்ள நுண்ணிய தேய்பொருள் பூச்சைச் சிறிதளவு தேய்த்தே பளபளப்பைத் தருகிறது. இக்காலக் கார்களின் நிறமற்ற மேற்பூச்சின் கனமோ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் வரையே, தலைமயிரினும் மெல்லியது. அடிக்கடி மெருகிடுவோர் பூச்சையே கரைத்து வருகின்றனர் எனலாம். மெழுகு அவ்வாறன்று, அது பூச்சின்மேல் படிந்து, தான் தேய்ந்து அதனைக் காக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் உருகும். பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலிருந்து பெறப்படும் கார்னோபா மெழுகோ 80 டிகிரிக்கு மேல்தான் உருகுமாதலால், கோடை வெயிலைத் தாங்கும். அதனை மெல்லிய படலமாகப் பூசி, வெண்மை படர்ந்ததும் தூய மென்துணியால் துடைக்க வேண்டும். தடித்துப் பூசுதலால் மெழுகுதான் வீண்.