கொய்யாத் தோப்பில் ஆய்வுக்கு இறங்கும் பிள்ளைகளுக்கு

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சொந்த ஊரில் தாங்களே கண்டறிந்ததை அங்கே சொல்லலாம். இந்த ஆண்டு கொய்யாத் தோப்புகள் உள்ள நம் ஆயக்குடியிலிருந்து போகிறவர்களுக்கு என் யோசனைகள் இவை.

1. கேள்வியைச் சுருக்குங்கள். "கொய்யா விவசாயத்தின் பிரச்சினைகள்" என்று எடுத்தால் கரைசேர மாட்டீர்கள். "பட்டுப்போகும் மரத்தின் வேரில் முடிச்சு இருக்கிறதா? செழிப்பான மரத்தில்?" இதற்கு உங்களாலேயே விடை காண முடியும்.

2. முன்பே தெரிந்ததைப் படியுங்கள். வேரில் இந்த முடிச்சை உண்டாக்கும் நூற்புழுக்களில் ஒன்றான மெலாய்டோகைனி என்டரோலோபி 1983-இல் சீனாவில் இனங்காணப்பட்டது. இந்தியாவில் அது கொய்யாவைத் தாக்குவது 2016-இல் ஆய்விதழில் வெளிவந்தது. அந்த ஆய்வுக்கான வேர்கள் நம் ஆயக்குடிப் பக்கத்துத் தோப்புகளில் எடுத்தவை! உங்கள் காலடி மண்ணிலேயே புது அறிவு பிறந்திருக்கிறது, பிள்ளைகளே.

3. நல்ல மரத்தையும் தோண்டிப் பாருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். வாடிய மரங்களில் மட்டும் முடிச்சைத் தேடினால், அதுதான் காரணம் என்று நம்பிவிடுவீர்கள். இலை பழுக்கத் தண்ணீர்க் குறைவும் காரணமாகலாம். வாடல் பூசணமும் மரத்தைச் சாய்க்கும். ஆகவே ஒரே தோப்பில், ஒரே வயதில், ஒரே ரகத்தில் வாடியது, செழித்தது என இரண்டு வகை மரங்களையும் சம எண்ணிக்கையில் எடுங்கள். எந்த மரம் என்பதைத் தோப்பில் இறங்கும் முன்பே சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். கண்ணுக்குப் பிடித்த மரத்தைப் பொறுக்கக் கூடாது.

4. தோப்புக்காரரிடம் அனுமதி கேளுங்கள். மெல்லிய வேர் கொஞ்சம் போதும். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கொத்தையும் செருப்பையும் கழுவுங்கள். நூற்புழு மண்ணோடும் நாற்றோடும் பரவுகிறது. உங்கள் ஆய்வால் இன்னொருவர் தோப்பு கெடக் கூடாது.

5. முடிச்சைக் கண்டால் "முடிச்சு இருந்தது" என்று மட்டும் எழுதுங்கள். எந்த இனம் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறை இருக்கிறது. ஆசிரியர் மூலம் கேளுங்கள்.

6. தேதி, மர எண், பார்த்தது: அன்றன்றே, தோப்பிலேயே நோட்டில் ஏற வேண்டும். தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடியுங்கள், அழிக்காதீர்கள்.

7. முடிச்சே இல்லாத மரங்கள் பட்டுப்போயிருந்தால் அதையும் அட்டவணையில் சேருங்கள். நடுவர் கேட்டால் அந்த வரிசையை முதலில் காட்டுங்கள்.