களத்தில் நடந்த ஆமை

புதுவயலில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. நெல் காயாத நாளில் சிமென்ட் களம் சும்மா கிடக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லித்தர, கம்ப்யூட்டரைவிட எனக்கு அதிகம் உதவியது அந்தக் களம்தான்.

எட்டுப் பிள்ளைகள், இரண்டு பழைய லேப்டாப், சனிக்கிழமை சாயங்காலம். முதல் மாதம் நிரல் எழுதுவதை லூப், வேரியபிள் என்று பாடமாகவே நடத்தினேன். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். என் தப்புதான்.

பிறகு பைத்தான் நிரல்மொழியில் உள்ள 'டர்ட்டில்' பக்கம் வந்தேன். முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்றால் திரையில் ஓர் ஆமை கோடு இழுத்துக்கொண்டே போகும். 1967-ல் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் உருவாக்கிய 'லோகோ' மொழியின் வழிவந்தது.

சமபக்க முக்கோணம் போடச் சொன்னேன். எல்லாரும் 60 டிகிரி கொடுத்தார்கள். முக்கோணம் மூடவில்லை, பாதி அறுகோணம் வந்து நின்றது.

"ஆமை கோளாறு சார்" என்றான் ஒருவன்.

விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, களத்தில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு அவனையே நடக்கவிட்டேன். மூலையில் திரும்பியவன் அப்படியே நின்றான்.

"எவ்வளவு திரும்பினே?"

"நேராப் போற கோடு 180. உள்ளே 60 போக... 120 சார்!"

மூன்று மூலைக்கும் சேர்த்து ஒரு முழுச் சுற்று, 360. வெளிக்கோணங்களின் கூடுதல் அன்றைக்குக் காலுக்குப் புரிந்தது.

அடுத்து ஏழு பக்கம் கேட்டேன். 360-ஐ ஏழால் வகுத்தால் மீதி விழுகிறது. வகுக்கும் வேலையை மெஷினிடமே தள்ளினார்கள். வேரியபிள் தானாக வந்து சேர்ந்தது. திருப்பத்துக்கு 144 கொடுத்தவனுக்கு ஐந்துமுனை நட்சத்திரம் கிடைத்தது. ஐந்து 144 எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். 720, இரண்டு சுற்று.

நீங்களும் இப்படிச் சொல்லித்தருவதானால், ரன் கொடுக்கும் முன் படத்தை நோட்டில் வரையச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எண்ணை மாற்றி மாற்றிக் குருட்டாம்போக்கில் தட்டுவார்கள். கீபோர்டை நீங்கள் தொடவே கூடாது. பல பேருக்கு ஒரு லேப்டாப் என்பதும் நல்லதுதான், சண்டை போட்டே பாதி கணக்கு முடிந்துவிடும்.

"ஆமை கோலம் போடுமா சார்?" என்றாள் ஒரு பெண். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதியதைச் சொன்னேன். அவள் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்தோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறாள். அப்பத்தாவைப் போடச் சொல்லித் திருப்பங்களைக் குறித்துக்கொள்கிறாளாம். எண்ணிக்கொண்டே போடச் சொன்னால் அப்பத்தாவுக்குக் கோலமே மறந்துபோகிறதாம்.