குடும்ப டாக்டரை உடம்பு நன்றாக இருக்கும்போதே பாருங்கள்

ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல் அடிக்கும்போது யாராலும் நிதானமாக டாக்டர் தேட முடியாது. வெளிச்சம் தெரிகிற ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலை இது.

1. முதலில் தூரத்தைப் பாருங்கள். ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு நல்ல எம்.பி.பி.எஸ். டாக்டர், அன்றாடக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரஷர், சுகருக்குப் போதும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கிளினிக் தரைத்தளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மூட்டுவலிக்காரரை மாடிப்படி ஏறச் சொன்னால் அடுத்த முறை வரவே மாட்டார். டாக்டர் ஊரில் இல்லாதபோது யாரிடம் போவது என்பதையும் கேட்டு வையுங்கள்.

2. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

3. முதல் தடவை போகும்போது அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" இந்த இரண்டையும் கேட்காமல் பேனாவை எடுப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. வயிற்றுவலி என்றால் படுக்கவைத்து, வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். முக்கியமாக, "இது வைரஸ் காய்ச்சல், ஊசி வேண்டாம், மூன்று நாள் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பும் டாக்டரைக் கைவிடாதீர்கள். ஆன்ட்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. ஊசி போடவில்லையே என்று அடுத்த தெருவுக்குப் போகிற பழக்கத்தால்தான் நல்ல டாக்டர்களை நாம் இழக்கிறோம்.

4. நோய் எதுவும் இல்லாதபோது ஒருமுறை போய்க் குடும்பக் கதையைச் சொல்லுங்கள். அப்பாவுக்கோ கூடப் பிறந்த ஆண்களுக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ கூடப் பிறந்த பெண்களுக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், உங்களை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதே மாறிவிடும். சித்திக்கோ அத்தைக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

5. ஆளுக்கொரு ஃபைல் போடுங்கள். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில், புதியது மேலே வரும்படி அடுக்குங்கள். ஈ.சி.ஜி. எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். அந்தத் தாளில் உள்ள கோடுகள் நாளாக ஆக மங்கிக் கடைசியில் வெறும் தாள்தான் மிஞ்சும். பின்னாளில் நெஞ்சுவலி என்று போனால், பழைய ஈ.சி.ஜி.யைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது டாக்டருக்குப் பெரிய உதவி. மருந்துப் பெயரை வாயால் சொல்லாமல் அட்டைகளையே எடுத்துப் போங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், லேகியம் இருந்தால் அவையும் பையில் இருக்கட்டும். மாத்திரையைப் பிய்க்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

6. பிரஷர் பார்க்கும் முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி பேசாமல் உட்காருங்கள். கையை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். படியேறி வந்த மூச்சோடு எடுத்த அளவை நம்பி மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. வேறொரு நாளும் பார்த்து, 140/90 அல்லது அதற்கு மேலேயே இருந்தால் சிகிச்சை பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

7. முப்பது வயதானால் ஆண்டுக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம். 100-க்குக் கீழ் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. சாப்பாட்டையும் நடையையும் திருத்தினால் பலர் இந்தக் கட்டத்திலிருந்தே திரும்பிவிட முடியும். 126-ஐத் தொட்டால் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஏற்கெனவே சுகர் உள்ளவர்கள் கண்ணின் விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் மூன்றையும் வருடந்தோறும் பார்ப்பது கட்டாயம். பார்வை நன்றாகத்தானே தெரிகிறது என்று இருந்துவிடாதீர்கள். விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது.

8. வீட்டில் எல்லோரையும் டாக்டரிடம் கூட்டிப்போகும் அம்மா, தன் கையை மட்டும் நீட்ட மாட்டார். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அந்தச் சோர்வை வேலைக் களைப்பு என்று நினைத்தே வருடங்களை ஓட்டிவிடுவார்கள். 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். சில நிமிட வேலைதான். மகனோ மகளோ லீவு போட்டுக் கூட்டிப்போக வேண்டும். சொல்லிவிட்டால் மட்டும் அம்மா போக மாட்டார்.

9. குழந்தையின் தடுப்பூசி அட்டையை முதல் பிறந்தநாளோடு மறந்துவிடாதீர்கள். ஒன்றரை வயதிலும், ஐந்து வயதுக்கு மேலும் பூஸ்டர் இருக்கிறது. 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

10. 'அறுபது டெஸ்ட், அதிரடி விலை' என்று வரும் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன், உங்களுக்கு எது தேவை என்று குடும்ப டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தேவையில்லாத டெஸ்டில் ஏதோ ஒரு எண் சற்றே கூடிக் குறைந்து, வீடே பல நாள் தூக்கமில்லாமல் தவிப்பதுண்டு.

11. பிரஷர் சரியாகிவிட்டது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது சரியாக இருக்கிறது. மாதாமாதம் போய் மருந்து வாங்க முடியாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பகுதி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

12. வீடு மாறினால் பழைய டாக்டரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். என்ன நோய், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது என்று அவர் லெட்டர்பேடில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால், புதிய டாக்டருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் வேலை மிச்சம்.