குப்பைமேட்டுக்குள் ஓடும் வாயு

ஆழ்துளைக் கிணறு போடுமுன் நிலத்தடி நீர் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். தரையில் இரும்புக் கம்பிகளை வரிசையாக அடிப்பார்கள். சிறிதளவு மின்சாரம் விடுவார்கள். அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று கணிப்பார்கள். இதே முறையில் குப்பைமேட்டுக்குள் உள்ள வாயுவையும் தேடலாம். ஏன் தேட வேண்டும்?

பெங்களூருக்கு வடக்கே மாவள்ளிபுரா இருக்கிறது. கிழக்கே மண்டூர் இருக்கிறது. நகரத்துக் குப்பை பல ஆண்டுகள் இங்கே லாரி லாரியாக வந்து குவிந்தது. ஊர் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். மாவள்ளிபுராவில் 2012இல் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. மண்டூரில் 2014 இறுதியில் நின்றது. ஆனால், கொட்டுவது நின்றாலும் உள்ளே அழுகுவது உடனே நிற்காது.

வாயு எப்படி உண்டாகிறது?

சோறு, காய்கறித் தோல், இலை எல்லாம் காற்றுப் படாமல் புதைந்து அழுகுகின்றன. அப்போது மீத்தேனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. சாண எரிவாயுக் கலனிலும் இதுதான் நடக்கிறது. அங்கே வாயு குழாய் வழியே அடுப்புக்கு வருகிறது. குப்பைமேட்டில் அது கிடைத்த வழியில் போகிறது.

மீத்தேனுக்கு நிறம் இல்லை; மணமும் இல்லை. 100 பங்கு காற்றில் 5 முதல் 15 பங்கு வரை மீத்தேன் கலந்திருந்தால் ஆபத்து. மூடிய இடத்தில் ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும்.

மேலே மண் இறுகினால் வாயு பக்கவாட்டில் நகரும். மண் இடுக்கு, பாறை வெடிப்பு வழியாக வீடுகளின் அடிக்கே வந்துவிடும். இங்கிலாந்தில் லாஸ்கோ என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. 1986 மார்ச் 24 அன்று அங்கே ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. மூன்று பேர் படுகாயம் அடைந்தார்கள். பக்கத்தில் இருந்த பழைய குப்பைக் கிடங்கின் வாயுதான் காரணம். அன்று காற்றழுத்தம் வேகமாகக் குறைந்திருந்தது. அதனால் மண்ணுக்குள் இருந்த வாயு அதிகமாக வெளியே வந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குப்பையில் ஊறிய கழிவுநீரில் மின்சாரம் எளிதாக ஓடும். வாயு நிறைந்த இடம் மின்சாரத்தைத் தடுக்கும். இந்த வேறுபாட்டை அளந்து, நிலத்தடியைப் படமாக வரைகிறார்கள். அதே இடத்தில் பல நாட்கள் அளக்கிறார்கள். படம் மாறினால், வாயு நகர்கிறதா என்று ஆராயலாம்.

ஆனால் பிளாஸ்டிக்கும் காய்ந்த கல்லும்கூட மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே படத்தை மட்டும் நம்பக் கூடாது. சந்தேகமான இடத்தில் துளை போட்டு, வாயுவைக் கருவியால் அளந்து உறுதி செய்ய வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

• குப்பைமேட்டில் தீ வைக்கக் கூடாது.
• அதன் அருகே உள்ள கிணற்றிலோ பள்ளத்திலோ சோதிக்காமல் இறங்கக் கூடாது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவும் கூடாது.
• வீட்டில் காற்றோட்டம் இருக்க வேண்டும்.
• வாயுவை அளந்து பார்க்கும்படி ஊராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுதிக் கேட்கலாம். அளந்த விவரத்தையும் கேட்டு வாங்கலாம்.
• ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்து உரமாக்கலாம். மேட்டுக்குப் போகும் ஈரக் குப்பை குறைந்தால் வாயுவும் குறையும்.

பதில் சொல்லுங்கள்

1. மீத்தேன் இருப்பதை மூக்கால் அறிய முடியுமா?
2. ஒரே இடத்தில் ஏன் பலமுறை அளக்கிறார்கள்?
3. உங்கள் ஊர்க் குப்பை எங்கே போகிறது? அதன் அருகே யார் வாழ்கிறார்கள்?